பாலியல் வன்முறைத் தடுப்பில் இனம் எங்கே வந்தது? அமெரிக்கச் சமூகச் சுகாதாரக் களப்பணியின் பின்னணி

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அமெரிக்க அதிபர் டிரம்ப் அரசுத் துறைகளில் பன்மைத்துவம், சமத்துவம் சார்ந்த திட்டங்களை முடித்துவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 1 அன்று, சிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் காயத் தடுப்புப் பிரிவு பெரிய ஆட்குறைப்பைச் சந்தித்தது. வேலை இழந்தவர்களில் வன்முறைத் தடுப்பைக் கவனித்துவந்தவர்களும் இருந்தார்கள். செய்தியைப் படித்த பலருக்கு எழுந்த கேள்விகள் இரண்டு. காய்ச்சலையும் தொற்றையும் பார்க்க வேண்டிய துறைக்குப் பாலியல் வன்முறையில் என்ன வேலை? அதற்குள் இனப் பிரச்சினை எப்படி நுழைந்தது?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இரண்டாவதற்குத்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படுகிறது.

சுகாதாரத் துறை ஏன்?

காவல் துறையும் நீதிமன்றமும் குற்றம் நடந்த பிறகு வருபவை. ஒரு குறிப்பிட்ட குற்றம், குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட சாட்சி என்று அவை ஒவ்வொரு வழக்காகப் பார்க்கும். பொதுச் சுகாதாரம் கேட்கும் கேள்வி வேறு: எந்த வயதில் அதிகம் நடக்கிறது, எந்த இடத்தில், எது அதைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது? காலரா வந்த ஊரில் கிணற்றைத் தேடுவதைப் போல. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியது. அந்தப் பணம் சிடிசி வழியாக எல்லா மாநிலங்களின் சுகாதாரத் துறைகளுக்கும் போகிறது.

தொடர்ந்து வரப்போகும் மூன்று சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம்.

1. முதல்நிலைத் தடுப்பு: வன்முறை நடக்காமலே செய்வது. பாதிக்கப்படக்கூடியவருக்குத் தற்காப்பு சொல்லித்தருவதை விட, செய்யக்கூடியவரையும் அதற்கு இடம் கொடுக்கும் சூழலையும் மாற்றுவதே இதன் மையம்.

2. இரண்டாம்நிலை: நடந்த சில மணி, சில நாட்களுக்குள் செய்ய வேண்டியவை. மருந்து, பரிசோதனை, பாதுகாப்பான இடம்.

3. மூன்றாம்நிலை: நீண்டகாலச் சிகிச்சை, ஆலோசனை, வழக்கு, குற்றவாளி மீண்டும் செய்யாமல் தடுப்பது.

களப்பணி என்று வரும்போது இவற்றைப் பிரிக்க முடியாது. பள்ளியில் முதல்நிலை வகுப்பு எடுக்கப் போனவரிடம், வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தனக்கு நடந்ததைச் சொல்வாள். அந்த நொடியே அது இரண்டாம்நிலை வேலையாகிவிடும். இதற்குத் தயாராகாமல் போவதுதான் புதிய குழுக்கள் செய்யும் முதல் தவறு.

எண்களும் அவற்றின் பொறிகளும்

2010இல் சிடிசி தொலைபேசி வழியாக நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. பெண்களில் 18.3 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது வன்புணர்வுக்கோ அதற்கான முயற்சிக்கோ உள்ளானதாகச் சொன்னார்கள். இனவாரியாகப் பிரித்தால் வெள்ளையினப் பெண்களில் 18.8, கறுப்பினப் பெண்களில் 22.0, ஸ்பானிய மரபினரில் 14.6, அமெரிக்கப் பூர்வகுடிகளில் 26.9, பல இனக் கலப்புள்ள பெண்களில் 33.5 விழுக்காடு. பாதிக்கப்பட்ட பெண்களில் பாதிப்பேருக்கு (51.1 விழுக்காடு) அதைச் செய்தவர் கணவர், காதலர் போன்ற துணைவர். இன்னும் 40.8 விழுக்காட்டினருக்கு அறிமுகமானவர். இருட்டுச் சந்தில் பாய்ந்து வரும் முன்பின் தெரியாதவன் என்ற பிம்பத்தை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்த அட்டவணையைப் படிப்பதில் இரண்டு பொறிகள் உண்டு.

ஸ்பானிய மரபினரின் எண் குறைவாக இருப்பதால் அவர்களிடம் வன்முறை குறைவு என்று முடிவு கட்டுவது முதல் பொறி. தொலைபேசியில் பேசும் முன்பின் தெரியாதவரிடம், குடியுரிமைத் தாள் இல்லாத ஒருவர் இதையெல்லாம் சொல்வாரா என்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். கேள்விகள் கேட்கப்பட்டவை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மட்டும்.

இரண்டாவது பொறி நம்மவர்களுக்கு நெருக்கமானது. அதே அட்டவணையில் ஆசியப் பெண்களுக்கான வன்புணர்வுக் கட்டம் காலியாக இருந்தது. பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை நம்பகமான மதிப்பீட்டுக்குப் போதவில்லை. காலிக் கட்டம் என்றால் பூஜ்யம் என்று பொருள் அல்ல. அமெரிக்காவில் வாழும் தமிழர், சீனர், ஃபிலிப்பினோ, மோங் எல்லாரையும் ‘ஆசியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியும் அந்தக் கட்டம் நிரம்பவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. எண் இல்லாத இடத்துக்குப் பணமும் போகாது.

நம்பிக்கையின்மைக்கு இரண்டு முகங்கள்

‘எதுவும் நடந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.’ எந்த விழிப்புணர்வுத் துண்டறிக்கையிலும் இருக்கும் வரி இது. அலபாமாவின் கறுப்பினக் குடியிருப்பிலோ தெற்கு டகோட்டாவின் பூர்வகுடி நிலத்திலோ இதே வரி அதே பொருளைத் தருவதில்லை. அதற்குக் காரணமான வரலாறு தேதியோடும் வழக்கோடும் பதிவாகியிருக்கிறது.

அடிமை முறைக் காலத்தில் சட்டம் என்ன சொன்னது என்பதிலிருந்து தொடங்கலாம். 1859இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம், அடிமைச் சிறுமி ஒருத்திக்கு நடந்த வன்புணர்வு சட்டப்படி குற்றமே அல்ல என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. அடிமைப் பெண்ணைக் காக்கும் சட்டம் எதுவும் ஏட்டில் இல்லை. 85 ஆண்டுகள் கழித்து, 1944 செப்டம்பரில், அலபாமாவின் ஆபிவில் ஊரில் தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரேசி டெய்லரை ஆறு வெள்ளையினத்தார் கடத்திச் சென்று வன்புணர்ந்தார்கள். கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் விசாரிக்க அனுப்பியவர் ரோசா பார்க்ஸ். பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக நாம் அறிந்த அதே ரோசா பார்க்ஸ், அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்ய இரண்டு முறை கூடிய நடுவர் குழுக்களும் குற்றம் சாட்டவே மறுத்தன. அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011இல்.

இது ஒரு முகம்: கறுப்பினப் பெண் பாதிக்கப்பட்டால் சட்டம் வராது. மறுமுகம்: கறுப்பின ஆண்மீது குற்றம் சாட்டப்பட்டால் அதே சட்டம் தூக்குக் கயிற்றோடு வரும். 1930க்குப் பிறகு அமெரிக்காவில் வன்புணர்வுக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 455 பேர். அவர்களில் 405 பேர் கறுப்பினத்தவர். வயதுவந்த பெண்ணை வன்புணர்ந்ததற்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1977இல்தான். 1931இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது போடப்பட்ட பொய் வழக்கு இன்றும் குடும்பங்களில் நினைவுகூரப்படுவது.

இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கறுப்பினப் பெண்ணின் தயக்கம் புரியும். தனக்குத் தீங்கு செய்தவன் சொந்த இனத்தவனாக இருந்தால், புகார் கொடுப்பது ‘நம் பிள்ளையை அவர்களிடம் பிடித்துக்கொடுப்பது’ ஆகிவிடுகிறது. மௌனமாக இருந்தால் துயரம் அவளோடு. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இனமும் பாலினமும் ஒரே ஆளின்மேல் குறுக்கிடும் இந்த இடத்துக்கு 1989இல் ஒரு பெயரே கொடுத்தார். தமிழில் அதைக் குறுக்குவெட்டுத்தன்மை என்கிறோம். கோட்பாடாகக் கேட்டால் கனமாக இருக்கும். களத்தில் அது ‘யாரிடம் சொல்வது?’ என்ற ஒரே கேள்வி.

மருத்துவமனையின் பக்கமும் சுத்தமாக இல்லை. 1840களில் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், மயக்க மருந்து கொடுக்காமல் அடிமைப் பெண்களின் உடலில் திரும்பத் திரும்ப அறுவைசிகிச்சை செய்து பார்த்தார். நியூயார்க்கில் நின்ற அவர் சிலை 2018இல் அகற்றப்பட்டது. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கிகியில் சிஃபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்கள் 399 பேரைச் சிகிச்சை தராமலே அரசுச் சுகாதாரத் துறை கண்காணித்தது. 1973க்கும் 1976க்கும் இடையில் பூர்வகுடிகளுக்கான அரசு மருத்துவச் சேவையின் பன்னிரண்டு பகுதிகளில் நான்கில் மட்டும் 3,406 கருத்தடை அறுவைசிகிச்சைகள் நடந்ததாகவும், ஒப்புதல் பெறும் விதிகள் பல இடங்களில் மீறப்பட்டதாகவும் அரசுத் தணிக்கை அலுவலகமே சொன்னது. ‘இந்த மக்கள் ஏன் நம்மை நம்ப மாட்டேன் என்கிறார்கள்?’ என்று கேட்கும் களப்பணியாளர் அந்த இடத்தின் வரலாற்றைப் படிக்காமல் போனவர்.

முதல் 120 மணி நேரம்

கூட்டங்களில் அதிகம் கேட்கப்படுவதும், தவறாகவே பரவிக்கிடப்பதும் இந்தப் பகுதிதான். வன்முறை நடந்த முதல் ஐந்து நாட்களுக்கென அமெரிக்காவில் இன்று நடைமுறையில் உள்ளவை இவை:

1. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மொத்தம் 28 நாட்கள். நடுவில் விட்டால் பயன் போய்விடும். முதல் சில நாள் மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, மீதியை வாங்கப் பணமும் பேருந்தும் இல்லாமல் விடுவது ஏழைக் குடியிருப்புகளில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

2. அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரம் வரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை என்றால் 72 மணிக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்; யுலிப்ரிஸ்டல் வகை ஐந்தாம் நாள் வரை.

3. தடயம் சேகரிப்பது பல மாநிலங்களில் 120 மணி நேரம் வரை. குளிக்காமல், உடை மாற்றாமல் வந்தால் நல்லது. குளித்துவிட்டவரும் வரலாம். மாற்றிய துணியைக் காகிதப் பையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ சிதையும்.

4. மயக்க மருந்து கலந்து கொடுத்ததாகச் சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீர் முக்கியம். பரிசோதனைக்கு முன் கழிப்பறைக்குப் போக நேர்ந்தால் சுத்தமான ஒரு பாத்திரத்தில் பிடித்துவைக்கலாம்.

5. பரிசோதனை மூன்று, நான்கு மணி நேரம் எடுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒப்புதல் கேட்க வேண்டும்; எந்தப் படியையும் வேண்டாம் என்று சொல்லலாம்.

6. காவல் துறையில் புகார் கொடுக்காமலே இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். 2005இல் திருத்தப்பட்ட பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் இந்த உரிமையைத் தந்தது. 2009 முதல் மாநிலங்கள் இதை நிறைவேற்றியாக வேண்டும். கூட்டத்தில் ஒரே ஒரு தகவல் சொல்ல நேரம் இருந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும். குடியேற்ற நிலை பற்றிப் பயப்படுபவருக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

இந்தப் பரிசோதனைக்கென்றே 40 மணி நேர வகுப்பும் அதற்குமேல் நேரடிப் பயிற்சியும் பெற்ற தடயவியல் செவிலியர்கள் இருக்கிறார்கள். 1970களில் மெம்ஃபிஸ், மினியாபொலிஸ் நகரங்களில் தொடங்கியது இந்த முறை. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் கிடைப்பார்கள். கிராமப்புறத்திலும் பூர்வகுடி நிலங்களிலும் நூறு மைல் ஓட்டிப் போக வேண்டியிருக்கும். காணொளி வழியாக ஒரு அனுபவசாலி, உள்ளூர்ச் செவிலியருக்குப் படிப்படியாக வழிகாட்டும் ஏற்பாடு சில மாநிலங்களில் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், இணைய வேகம் இருக்கும் இடத்தில்.

சேகரித்த தடயப் பெட்டி பிறகு என்ன ஆகிறது? 2009இல் டெட்ராய்ட் காவல் துறையின் சேமிப்புக் கிடங்கு ஒன்றில், சோதிக்கப்படாமலே அடுக்கிவைக்கப்பட்ட 11,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவராக இருக்கும் நகரம் அது. ஒரு பெட்டியைச் சோதிக்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பது ஒரு காரணம். ஆள் பற்றாக்குறை இன்னொன்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவல் துறை ஆவணங்களைப் படித்தபோது மூன்றாவது காரணமும் தெரிந்தது: புகார் கொடுத்த பெண்ணையே குறை சொல்லும், அவள் சொன்னதை நம்பாத குறிப்புகள். அரசு வழக்கறிஞர் கிம் வொர்தி பல ஆண்டுகள் பணம் திரட்டிப் பெட்டிகளைச் சோதிக்கவைத்தார். தொடர்ந்து குற்றம் செய்துவந்த சந்தேக நபர்கள் மட்டும் 800 பேருக்கு மேல் அதில் அடையாளம் காணப்பட்டார்கள். கிடங்கில் தூங்கிய ஒவ்வொரு பெட்டியும் அடுத்த குற்றத்தைத் தடுக்கத் தவறிய வாய்ப்பு. தடுப்பையும் நீதியையும் தனித்தனி அறைகளில் வைக்க முடியாது என்று களத்தில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

பூர்வகுடி நிலத்தில் யார் வழக்குப் போடுவது?

அரிதாகவே காணக்கூடிய சிக்கல் இது. பழங்குடிகளுக்கெனச் சொந்த அரசும் நீதிமன்றமும் உள்ள பூர்வகுடி நிலத்தில் ஒரு பெண் பாதிக்கப்பட்டால், யாரை அழைப்பது என்று முடிவுசெய்ய நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: குற்றம் நடந்த துண்டு நிலம் யாருக்குச் சொந்தம், பாதிக்கப்பட்டவர் பூர்வகுடியா, செய்தவர் பூர்வகுடியா, குற்றம் எந்த வகை. பதில்களைப் பொறுத்துப் பழங்குடிக் காவல், மாவட்டக் காவல், மத்தியப் புலனாய்வுத் துறை என்று மாறும். சில மாநிலங்களில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதையும் இன்னொரு விதமாக மாற்றியிருக்கிறது.

1978இல் ஒலிஃபன்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பூர்வகுடி அல்லாதவர்களைக் குற்றவியல் வழக்கில் விசாரிக்கும் அதிகாரம் பழங்குடி நீதிமன்றங்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. இதன் பொருள் இது: தன் நிலத்தில், தன் மகளுக்குத் தீங்கு செய்தவனை ஒரு அரசு விசாரிக்கக் கூடாது, அவன் வேறு இனம் என்ற ஒரே காரணத்துக்காக. இதன் விளைவு 2016இல் வெளியான தேசிய நீதி நிறுவன அறிக்கையில் எண்ணாகத் தெரிகிறது. பூர்வகுடிப் பெண்களில் 56.1 விழுக்காட்டினர் வாழ்நாளில் பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்களில் 96 விழுக்காட்டினர், செய்தவர்களில் குறைந்தது ஒருவராவது வேற்றினத்தவர் என்றார்கள். வெள்ளையினப் பெண்கள் பெரும்பாலும் வெள்ளையினத்தாராலும், கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் கறுப்பினத்தாராலும் பாதிக்கப்படும் நாட்டில் இது தலைகீழ்.

பழங்குடி நீதிமன்றத்தால் முடியாது என்றால் மத்திய அரசு வழக்குப் போட வேண்டும். 2005 முதல் 2009 வரை பூர்வகுடி நிலங்களிலிருந்து வந்த பாலியல் குற்ற விவகாரங்களில் 67 விழுக்காட்டை மத்திய அரசு வழக்கறிஞர்கள் எடுக்க மறுத்ததாக அரசுத் தணிக்கை அலுவலகம் கண்டது.

திருத்தங்கள் துண்டு துண்டாக வந்தன. 2010இல் பழங்குடி நீதிமன்றங்கள் ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை தண்டிக்க வழி பிறந்தது. அதற்கு முன் ஓராண்டுதான். 2013இல், பூர்வகுடி அல்லாதவரையும் குடும்ப வன்முறைக்காக விசாரிக்கலாம் என்றானது. ஆனால் அதில் பெரிய ஓட்டை. கணவனோ காதலனோ அடித்தால் வழக்குப் போடலாம். எண்ணெய்க் கிணற்றில் வேலைக்கு வந்த, முன்பின் தெரியாத ஒருவன் வன்புணர்ந்தால் முடியாது. அம்மாவை அடித்ததற்கு விசாரிக்கலாம், அதே வீட்டில் பிள்ளைக்குச் செய்ததற்கு முடியாது. 2022இல்தான் பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், பின்தொடர்தல், குழந்தைகளுக்கு எதிரான வன்முறை எல்லாம் சேர்க்கப்பட்டன. அப்போதும் நிபந்தனைகள்: சட்டம் படித்த நீதிபதி, அரசு செலவில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், பூர்வகுடி அல்லாதவரையும் சேர்த்த நடுவர் குழு. அரசு அங்கீகாரம் பெற்ற 570க்கும் மேற்பட்ட பழங்குடிகளில் இதற்கெல்லாம் செலவழிக்க முடிந்தவை மிகச் சில.

அந்த நிலத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் துண்டறிக்கை அச்சடிக்க உட்கார்ந்தால், ‘உதவிக்கு அழைக்கவும்’ என்ற வரிக்குக் கீழே எந்த எண்ணைப் போடுவது என்பதே பல வாரப் பேச்சுவார்த்தை. பக்கத்து ஊருக்கு அச்சடித்ததை எடுத்துக் கொடுத்தால் தவறான காவல் நிலையத்துக்குப் போய் நிற்பார்கள்.

எது தடுக்கிறது, எது தடுப்பதுபோல் தெரிகிறது

2014இல் சிடிசி ஆய்வாளர்கள், தடுப்பு முயற்சிகள் பற்றி அதுவரை வந்த 140 மதிப்பீட்டு ஆய்வுகளை அலசினார்கள். உண்மையிலேயே வன்முறை நடத்தையைக் குறைத்ததாகக் கறாரான ஆய்வில் நிரூபணம் ஆனவை மூன்றே மூன்று. ஒரே ஒரு வகுப்பு, ஒரு மணி நேரப் படக்காட்சி, உறுதிமொழி ஏற்பு போன்றவை அறிவைக் கொஞ்சம் கூட்டின, மனப்பான்மையைச் சில வாரம் மாற்றின, நடத்தையைத் தொடவில்லை. இன்றும் பெரும்பாலான பணம் இவற்றுக்கே போகிறது. கூட்டம் நடத்துவது சுலபம், படமும் எடுக்கலாம்.

வெற்றி பெற்ற மூன்றில் ஒன்று, பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி. இன்னொன்று வட கரோலினாவின் கிராமப்புறப் பள்ளிகளில் சோதிக்கப்பட்ட ‘சேஃப் டேட்ஸ்’: பத்து வகுப்புகள், மாணவர்களே போடும் நாடகம், சுவரொட்டிப் போட்டி. மூன்றாவதுதான் சுவாரசியமானது. நியூயார்க் நகரத்தின் 30 நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புகளில் நடந்த ‘ஷிஃப்டிங் பவுண்டரிஸ்’. பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த இடம் பயமாக இருக்கிறது, எந்த இடம் பாதுகாப்பு என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மாடிப்படியின் திருப்பம், உடை மாற்றும் அறைக்கு வெளியே, உணவுக்கூட வரிசையின் கடைசி என்று இடங்கள் தெரிந்தால் அங்கே ஆசிரியர்களை நிறுத்தலாம். தொந்தரவு செய்யும் மாணவன் எந்த வழியில் போகலாம், போகக் கூடாது என்று பள்ளிக்குள்ளேயே எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டடத்துக்குள் இந்த ஏற்பாடுகளை மட்டும் செய்த பள்ளிகளில் வன்முறை குறைந்தது. வகுப்பு மட்டும் எடுத்த பள்ளிகளில் குறையவில்லை. வரைபடத்துக்கு ஆன செலவு காகிதமும் வண்ணப் பென்சிலும்.

தோற்றதுபோல் தெரிந்த ஒரு ஆய்விலும் பாடம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரத்தின் 20 ஏழைக் குடியிருப்புகளில், பெரும்பாலும் கறுப்பினத்தவரான 13 முதல் 19 வயதுப் பையன்கள் 866 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிக் குடியிருப்புகளில் ஆண்மை, ஒப்புதல், உறவு பற்றிய பயிற்சி. மீதியில் வேலைக்குத் தயார் செய்யும் பயிற்சி. 2019இல் முடிவு வந்தபோது, ஒன்பது மாதம் கழித்து இரண்டு பக்கமும் வன்முறை குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பாலினப் பயிற்சி வீண் என்று சிலர் படித்தார்கள். அந்தப் பயிற்சி மற்றதைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை என்பது மட்டும் உண்மை. ஆனால் நம்பகமான பெரியவர் ஒருவர் வாராவாரம் வந்து உட்கார்வதும், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையுமே பாதி வேலையைச் செய்திருக்கலாம் என்ற வாசிப்புக்கும் அதில் இடம் உண்டு. எனக்கு இந்த வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

தக்காளித் தோட்டத்தில் ஒரு சென்ட்

ஃபுளோரிடாவின் இம்மோகலீ பகுதியில் தக்காளி பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைத்தி நாடுகளிலிருந்து வந்தவர்கள். மேற்பார்வையாளர் பெண்களைத் தொந்தரவு செய்தால் சொல்ல இடமில்லை. வேலை போகும், சிலருக்கு விசாவும் போகும். இம்மோகலீ தொழிலாளர் கூட்டமைப்பு சுகாதாரக் கூட்டம் நடத்துவதோடு நிற்கவில்லை. வாங்குபவர்களைப் பிடித்தது. மெக்டொனால்ட்ஸ், வால்மார்ட் போன்ற பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது: ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதல் தர வேண்டும், விதியை மீறும் தோட்டத்தில் வாங்கக் கூடாது.

2011இல் பரவலாகத் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பாலியல் வன்முறை செய்த மேற்பார்வையாளரை முதலாளி வேலையிலிருந்து நீக்கியாக வேண்டும். நீக்காவிட்டால் சந்தையை இழப்பார். 24 மணி நேரப் புகார் எண் உண்டு, தணிக்கை உண்டு. உரிமைகளைச் சொல்லித்தருவது அதே வயலில் வேலை பார்த்த தொழிலாளர்கள், வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு. சட்டம் இருந்தும் நடக்காததை வியாபாரக் கணக்கு நடத்திக்காட்டியது. கலிஃபோர்னியாவில் இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் பெண்களும் இதே வழியில் போனார்கள்: அவர்களுக்கான பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியைச் சக தொழிலாளர்களே நடத்த வேண்டும் என்ற சட்டம் 2019இல் வந்தது.

களப்பணியைக் கட்டும் வரிசை

மேலே சொன்னவற்றிலிருந்து வேலை வரிசை ஒன்று கிடைக்கிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அதாவது துண்டறிக்கையிலிருந்து தொடங்குகிறார்கள்.

1. முதலில் வழிகளைச் சோதியுங்கள். எந்த மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்குத் தடயவியல் செவிலியர் இருக்கிறார், அங்கே போக வண்டி உண்டா, எச்ஐவி மருந்து 28 நாளுக்கும் கிடைக்குமா? ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்களே அழைத்துப் பாருங்கள். பல எண்கள் வேலை செய்யாது.

2. பேசுபவர் அந்த இடத்தவராக இருக்க வேண்டும், சம்பளம் வாங்க வேண்டும். ‘சமூகத் தொண்டர்’ என்று இலவசமாக உழைக்கவைப்பதும் ஒரு சமத்துவமின்மைதான். பாதிக்கப்பட்டவர் சொன்னதை நீதிமன்றத்திலும் வெளியிடாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டுமானால் அதற்கென வரையறுத்த பயிற்சி தேவை. கலிஃபோர்னியாவில் அது 40 மணி நேரம்.

3. கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் எல்லையைச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வன்முறையைச் சொன்னால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை பலருக்கு உண்டு. அதைச் சொல்லாமல் பேசவைத்துவிட்டுப் பிறகு புகார் அனுப்பினால் அந்தக் குடியிருப்புக்குள் மறுபடி நுழைய முடியாது.

4. மொழி. கலிஃபோர்னியா வயல்களில் ஸ்பானியத் துண்டறிக்கை கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே மெக்சிகோவின் பூர்வகுடி மொழிகளான மிக்ஸ்டெக், திரிகி பேசுபவர்கள் ஏராளம். பலருக்கு எழுத்தைவிட ஒலிப்பதிவு உதவும். கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பாதிப்பேருக்குச் செய்தவர் துணைவர் என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

5. பார்த்துக்கொண்டிருப்பவர் தலையிடும் பயிற்சியில் மூன்று வழிகள் சொல்லப்படும்: நேரடியாகத் தடுப்பது, வேறொருவரை அழைப்பது, கவனத்தைத் திருப்புவது. கென்டக்கியின் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ‘கிரீன் டாட்’ என்ற பெயரில் இதை ஐந்தாண்டு சோதித்ததில் பாலியல் வன்முறை குறைந்தது. ஆனால் ‘வேறொருவர்’ என்றால் போலீஸ் என்று ஒரே பொருள் வைத்தால், கறுப்பின இளைஞருக்கு அந்தப் பாடம் ஆபத்து. பயிற்சியாளர், மதுக்கடைக்காரர், தேவாலயப் பெரியவர் என்று அந்த இடத்தின் பட்டியலைப் பங்கேற்பவர்களே எழுத வேண்டும்.

6. தலை எண்ணிக்கையை வெற்றியாகக் கணக்கிடாதீர்கள். நல்ல களப்பணி நடந்த முதல் ஆண்டில் புகார்கள் கூடும்; வன்முறை கூடியதாக அதற்குப் பொருள் இல்லை, சொல்ல வழி பிறந்திருக்கிறது. நிதி தருபவருக்கு இதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டு பணம் நிற்கும்.

ஆணைக்குப் பிறகு

நாடாளுமன்றம் பணத்தை ஒதுக்கலாம். அதை மாநிலங்களுக்குப் பிரித்து, திட்டங்களைச் சரிபார்த்து, எது வேலை செய்தது என்று அளக்கும் ஆட்கள் நிர்வாகத்தின் கையில் இருக்கிறார்கள். ஆள் போனால் பணம் இருந்தும் பாதை இல்லை. மாநிலச் சுகாதாரத் துறைகள் பழைய பழக்கத்துக்கு, அதாவது ஒரு மணி நேரக் கூட்டத்துக்குத் திரும்புவது இப்படித்தான் நடக்கும்.

இனம் என்ற சொல்லை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கும் சூழலில் நடைமுறைச் சிக்கல் இன்னும் நேரடியானது. டெட்ராய்டின் பெட்டிகள் ஏன் அங்கே தேங்கின என்று விளக்க அந்தச் சொல் வேண்டும். பூர்வகுடி நிலத்துக்கெனத் தனித் துண்டறிக்கை ஏன் என்று விளக்கவும் வேண்டும். மிக்ஸ்டெக் மொழிபெயர்ப்பாளருக்கான சம்பளத்தைச் செலவுப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் கேட்பது என்று ஒரு மாவட்டச் சுகாதார அலுவலர் யோசிக்கும்போது, முதலில் அடித்து நீக்கப்படும் வரி அதுவாகத்தான் இருக்கும்.